சிற்றூர் ஒன்றின் தன்னார்வலர்களால் தோட்டக்கலைச் சங்கங்களின் ஆண்டு மாநாட்டை நடத்த முடியுமா?

உங்கள் ஊர்ச் சங்கம் அடுத்த ஆண்டு மாநாட்டை நடத்துவதாக வாக்குக் கொடுத்துவிட்டது. பெரிய மண்டபமோ போதிய தங்கும் விடுதிகளோ ஊரில் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்க ஒருவரும் இல்லை. இந்த நிலையில் முடியுமா, முடியுமென்றால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையிலுள்ள சுங்கை சிப்புட்டில் வசிப்பவன். எங்கள் வட்டாரச் சங்கங்களின் ஆண்டு மாநாட்டை எங்கள் ஊர் ஏற்று நடத்தியபோது ஏற்பாட்டுக் குழுவின் செயலாளராக இருந்தேன். முடியும் என்பதே என் பதில். மண்டபத்தையும் மேடையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் உறுப்பினர்களின் வீட்டுத் தோட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். மாநாட்டின் நடுநாயகமாக அவற்றை வைத்துவிட்டால், மற்ற முடிவுகள் பெரும்பாலும் அதையொட்டியே அமைந்துவிடும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செடி வளர்ப்பவர்கள் இன்னொருவர் செடி வளர்க்கும் இடத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் பயணம் செய்கிறார்கள். சொற்பொழிவை அவர்கள் வீட்டிலிருந்தே கேட்டுவிட முடியும். குளிரூட்டிய மண்டபத்தில் நகரத்தோடு போட்டியிட எங்களைப் போன்ற ஊர்களால் இயலாது. ஆனால் நகரத்தில் எளிதில் கிடைக்காத ஒன்று எங்களிடம் இருக்கிறது. பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த தலைமுறை, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் பின்புறத்தில் வெண்டையும் முருங்கையும் பயற்றங்கொடியும் வைத்துப் பழகியது. ரப்பர் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்து, குடும்பங்கள் எஸ்டேட்டை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வரிசை வீடுகளுக்கு மாறியபோது, அந்தக் கைப்பழக்கமும் அவர்களோடு வந்தது. இன்று அது வாசலின் குறுகிய சிமெண்டுத் தரையில், பெயிண்ட் வாளிகளிலும் பழைய நாற்றுப் பைகளிலும் தழைத்து நிற்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நேரில் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். முன்பு பால்மரம் வெட்டிய ஓர் அக்கா, பார்வையாளர்களை அழைத்து வரலாமா என்று நாங்கள் கேட்டபோது, "இதுல பாக்கறதுக்கு என்ன தம்பி இருக்கு? கோயிலுக்குப் பூவும் கறிக்கு எலையுந்தானே" என்றார். வற்புறுத்தாமல் இரண்டாம் முறையும் போய்ப் பேசிய பிறகே இசைந்தார். மாநாட்டன்று வந்தவர்கள் அவருடைய வெற்றிலைக் கொடிக்கடியில் நெடுநேரம் நின்றார்கள். பாத்தியின் ஓரத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கும் பழைய மங்குக் கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றையொன்று தொடும்படி வரிசையாகப் பதித்திருந்தார். மண் மழையில் கரைந்து ஓடாமல் அவை அணைகட்டி நின்றன. ஏன் கவிழ்த்து வைத்திருக்கிறார் என்று ஒருவர் கேட்க, நிமிர்ந்து கிடக்கும் மங்கில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும் என்பதை ரப்பர்க் காட்டில் பட்டறிந்த அனுபவத்தோடு விளக்கினார். வெற்றிலைக் கொடியின் கணு மரப்பட்டையில் பட்டால் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும் என்று கொடியைத் தூக்கிக் காட்டினார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் தோட்டக்கலை ஆசிரியர்களும் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஊரின் சந்து பொந்துகளை அறிந்தவரிடம் கொடுங்கள். வீட்டுக்காரரின் இசைவு மட்டும் போதாது. வீட்டிலுள்ள மற்றவர்களும் பக்கத்து வீட்டாரும் மனம் ஒப்ப வேண்டும், ஏனெனில் வரிசை வீடுகளில் ஒரு வாசலுக்கு வரும் கூட்டம் மூன்று வாசல்களை மறைத்துவிடும். பெரிய பஸ்ஸைச் சாலை முனையிலேயே நிறுத்திவிட்டுச் சிறு குழுக்களாக நடத்தி அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்காரரின் பக்கத்திலேயே நின்று கேள்விகளை முறைப்படுத்தினால், வயதானவர்கள் மிரளாமல் பேசுவார்கள். எங்கள் மேற்குக் கடற்கரை மாநிலங்களில் பிற்பகலில் இடியோடு மழை பெய்வது வழக்கம் என்பதால், வீடுகளைக் காலையிலும் மண்டப நிகழ்ச்சிகளைப் பிற்பகலிலும் வைப்பதே அறிவுடைமை. ஏப்ரல், மே மாதங்களையும் அக்டோபர், நவம்பர் மாதங்களையும் தவிர்ப்பது நல்லது. பேராக்கில் மழை மிகுதியாகப் பெய்யும் பருவங்கள் அவை.

அமெரிக்காவில் ஐரிஸ், டேலிலி ஆகிய மலர்களுக்கான சங்கங்கள் ஆண்டு மாநாட்டை ஊர் மாற்றி ஊர் நடத்துகின்றன. ஏற்று நடத்துபவர்கள் அந்தந்த வட்டாரத் தன்னார்வலர்களே. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்று இருக்கிறது. மலர் வளர்ப்பாளர்கள் தங்கள் ரகங்களை மாநாட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பே அனுப்பிவிடுகிறார்கள். அவை விருந்தினர் செடிகளாக உள்ளூர்த் தோட்டங்களில் வேரூன்றி வளர்கின்றன. மாநாட்டுக்கு வருபவர்கள் தங்கள் செடி அயல் மண்ணில் எப்படிப் பூத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் வெப்ப நாட்டில் இதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. 1960ஆம் ஆண்டு தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி, கிளைத்துண்டைப் போத்தாக வைத்தால் எளிதில் வேர் பிடித்துச் சில மாதங்களில் பூக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சங்கமும் ஒரு ரகத்தின் போத்துகளை முன்கூட்டியே அனுப்ப, ஊரின் பல வீடுகள் ஆளுக்கொன்றாக ஏற்று வளர்த்தால், மாநாட்டின் வேலை சில மாதங்களுக்கு முன்பே ஊரில் பரவிவிடும். கூட்டங்களுக்கு வராத குடும்பங்கள்கூட, தங்கள் பொறுப்பில் ஒரு செடி இருப்பதால் அக்கறையோடு விசாரிக்கத் தொடங்குவதை நான் கண்டேன்.

ஆனால் செடி பயணம் செய்யும்போது நோயும் பூச்சியும் உடன் பயணம் செய்யும். இந்தப் பதிலில் நீங்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான் என்று கருதுகிறேன். நம்மவர்கள் கூடும் எந்தச் செடிப் பரிமாற்றத்திலும் முதலில் கைமாறுவது கறிவேப்பிலைக் கன்றும் வாழைக் கன்றும்; இவ்விரண்டையும்தான் நான் வாசலிலேயே நிறுத்தச் சொல்வேன். கறிவேப்பிலையின் இளந்துளிரில் சைலிட் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி முட்டையிட்டுப் பெருகும். எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களை மெல்லக் கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்புவது இந்தப் பூச்சியே. நோய் பிடித்த மரத்தைக் குணப்படுத்த வழியில்லை. துளிரைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை மெழுகு நூல்போலச் சுருண்டு ஒட்டியிருப்பது அதன் குஞ்சுகள் விட்ட கழிவு. வளர்ந்த பூச்சியோ தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்ந்தவாறு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கண் தவறாது. எனவே வாசலில் நிற்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து முன்னதாகவே பழக்கிவிடுங்கள். கறிவேப்பிலை வேண்டும் என்பவர்களுக்குப் பழுத்த பழங்களின் சதையைக் கழுவி எடுத்த விதைகளைக் கொடுக்கலாம். அவை முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும் என்பதால், வீட்டுக்குப் போனதும் ஊன்றச் சொல்லுங்கள்.

வாழையின் சிக்கல் மண்ணில் இருக்கிறது. மலேசியாவிலும் பரவியுள்ள பனாமா வாடல் நோயின் பூஞ்சை, மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து மீண்டும் வேரில் ஏறும். கன்றின் கிழங்கில் ஒட்டிய ஒரு பிடி மண்ணே இன்னொருவர் கொல்லையைக் கெடுக்கப் போதுமானது. பார்வைக்குத் தெளிவாக இருக்கும் கன்றுக்குள்ளும் நோய் இருக்கலாம் என்பதால், தோற்றத்தைப் பார்த்து அனுமதிப்பது பயன் தராது. வாழைக் கன்று வேண்டவே வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். மற்ற செடிகளை மண் நீக்கிய போத்துகளாகவோ விதைகளாகவோ கேட்டு வாங்கி, வந்தவற்றை ஓரிடத்தில் கறுப்பு வலையின் கீழ்ச் சில வாரங்கள் தனித்து வைத்துப் பார்த்த பிறகே வீடுகளுக்குக் கொடுங்கள். கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் மாநிலங்களிலிருந்து வருபவர்கள் செடி கொண்டுவரவும் கொண்டுபோகவும் விரும்பினால், தீபகற்பத்துக்கும் அம்மாநிலங்களுக்கும் இடையே தாவரங்களுக்கு அனுமதி முறைகள் இருக்கின்றன; உரிய அரசு இலாகாக்களிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் விசாரித்து, கிடைத்த பதிலைப் பிரதிநிதிகளுக்கு அனுப்பிவைப்பது செயலாளரின் கடமை.

கொசுவையும் இதோடு சேர்த்துக் கவனியுங்கள். விருந்தினர் செடிகள் மாதக் கணக்கில் வீடுகளில் இருக்கப்போகின்றன. தொட்டிக்கடியிலுள்ள தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். புழு காணப்பட்டால் 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி வீட்டுக்காரர்தான் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். சங்கத்துக்காகச் செடி வளர்த்தவருக்கு அப்படி நேரக்கூடாது. தட்டே வைக்காமல் கொடுத்துவிடுவதுதான் எளிய வழி.

மண்டபத்தில் வைக்கும் பயிலரங்குகளுக்கு வெளியூர்ப் பேச்சாளரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரைச் சுற்றி எது மலிந்து கிடக்கிறதோ அதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது செம்பனையின் வெறுங்குலை. ஆலையில் பழத்தைப் பிரித்த பின் மிஞ்சும் இந்தச் சக்கையில் பொட்டாசியம் மிகுதி. ஆனால் அப்படியே குவித்தால் மக்க நெடுங்காலம் ஆகும், மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும். கோழி எருவோடு அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்துக் கிளறிவிட்டால் வீட்டுத் தொட்டிக்கு நல்ல உரமாகிவிடும். கிளறாமல் விட்ட குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, அக்கம்பக்கத்துத் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் பயிலரங்கை நடத்தியவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குவியலைக் கையால் பிரித்து வண்டின் புழுவை எடுத்து அவர் காட்டியபோது, பின்வரிசையில் இருந்தவர்கள்கூட எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள்.

தன்னார்வலர்களைப் பற்றி எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உண்டு. நம் ஊர்களில் பொதுக்காரியம் என்றால் பெண்கள் அடுப்படிக்குப் போய்விடுவதும், ஆண்கள் மேடையையும் வரவேற்பையும் எடுத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. தோட்டக்கலைச் சங்கங்களில் செடியைப் பற்றி மிக நன்றாக அறிந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. அவர்களை மூன்று வேளையும் சமையலில் நிறுத்திவிட்டு மாநாடு நடத்துவது மாநாட்டுக்கே நட்டம். உணவைக் காசு கொடுத்து வெளியில் சொல்லிவிடுங்கள். காலைப் பசியாறலுக்கும் மதிய உணவுக்கும் ஆகும் செலவைப் பதிவுக் கட்டணத்திலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். கட்டணம் சற்று உயர்ந்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அதே போல, ஒருவருக்கு ஒரு வேலை என்று எழுதிக் கொடுங்கள். செயலாளரே வண்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் விருதுக்கும் ஓடிக்கொண்டிருந்தால், கடைசி வாரத்தில் அவர் ஒருவர் நோயில் விழுந்தாலே எல்லாம் நின்றுவிடும்.

தங்குமிடத்துக்கு உறுப்பினர்களின் வீடுகளும் ஈப்போ விடுதிகளும் போதும். பணத்துக்குத் தனிக் கணக்கும் இருவர் கையொப்பமும் வேண்டும். போட்டிகள் வைத்தால் நடுவர்கள் வெளியூரிலிருந்து வரட்டும்.

சுற்றுலாவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள், ஆனால் செடியை விட்டுவிடாமல். எங்களுக்குக் கோலகங்சார் பக்கத்திலேயே இருந்தது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகள் அங்கே நடப்பட்டன. அவற்றில் எஞ்சியதாகக் காக்கப்படும் மரம் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்றும் வேலிக்குள் நிற்கிறது. நம் முன்னோர் கடல் கடந்து இங்கு வந்து காடழித்து நட்டு, விடியுமுன் எழுந்து வெட்டிய பயிரின் தொடக்கத்தை, அதே பயிரை வெட்டிய கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதற்கு இணையான நிகழ்ச்சி எதையும் எந்த மண்டபத்திலும் ஏற்பாடு செய்ய முடியாது. அங்கிருந்து தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகலாம். ஈயம் தோண்டிய நிலத்தைப் பூங்காவாக்கிய இடம் அது, நீர்மேல் சாய்ந்து படர்ந்த தூங்குமூஞ்சி மரங்களுக்காகவே பார்க்கத் தக்கது.

மாநாடு முடிந்த பிறகு விருந்தினர் செடிகள் யாருக்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள். வளர்த்த வீட்டுக்கே அவை உரியவை என்பது என் பரிந்துரை. அனுப்பிய சங்கம் வேண்டுமானால் அதிலிருந்து போத்து எடுத்துக்கொள்ளலாம். கணக்கு, கடிதங்கள், வண்டிக்காரர் முதல் உணவுக்காரர் வரை எல்லாருடைய விவரம் ஆகியவற்றை ஒரு கோப்பாக்கி, அடுத்து நடத்தப்போகும் ஊருக்கு ஒரு மாதத்துக்குள் ஒப்படையுங்கள். எந்த வீட்டில் எந்தச் செடி தழைத்தது, எது பட்டுப்போனது, அங்கே வெயில் எப்படி, மண் எப்படி என்ற பட்டியலையும் அதில் சேர்த்துவிடுங்கள். தங்கள் ஊரில் எந்தச் செடியைக் கேட்டு வாங்குவது என்று முடிவு செய்ய அவர்களுக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.