கருங்கல் மதிலை எப்போது எடுப்பது, எங்கே நின்று எடுப்பது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வார இறுதியில் ஊர்ப்புறமாக நடக்கப் போவது எங்கள் வழக்கம். அடிக்கடி போவது செஞ்சிக்கு. நேரில் மலைக்க வைக்கும் கோட்டை மதில், படத்தில் வெறும் சாம்பல் நிறத் திரையாக வருகிறது. இடிந்த மண்டபங்கள் கல் குவியலாகத் தெரிகின்றன. குளத்தை எடுத்தால் தண்ணீர் முழுக்க வெளுத்துப் போகிறது. கையில் ஒரு ஃபோனும் 18-55 லென்ஸ் போட்ட பழைய டிஎஸ்எல்ஆரும் இருக்கின்றன. புது கேமரா வாங்க வேண்டுமா, ஏதாவது ஃபில்டர் போதுமா?"

புது கேமரா வேண்டாம். ஃபில்டர் ஒன்று உதவும், ஆனால் மூன்றில் ஒரு குறைக்குத்தான். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. மதிலுக்கு வேண்டிய வெளிச்சம் குளத்துக்கு ஆகாது. குளத்துக்கு ஏற்ற நேரத்தில் பல மதில்கள் செத்துக் கிடக்கும். வழியில் எதிர்ப்படும் வரிசையிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவதுதான் சிக்கல். செஞ்சியையே வைத்துச் சொல்கிறேன். மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதில், இடிபாடு, குளம் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் அதற்கு இணையாக எனக்கு வேறு தெரியாது.

முதலில் மதில். நேரில் நிற்கும்போது நமக்கு இரண்டு கண்கள் இருக்கின்றன, தலையையும் அசைக்கிறோம். அதனால் ஒரு கல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது, இடுக்கு எவ்வளவு ஆழம் என்பது தானாகவே புரிந்துவிடுகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். ஆழத்தைச் சொல்ல அதற்கு நிழலை விட்டால் வேறு வழி இல்லை. கருங்கல்லில் நிற வேறுபாடும் குறைவு. சாம்பல் மேல் சாம்பல். ஆகவே ஒவ்வொரு கல்லின் விளிம்பும் பக்கத்துக் கல்மேல் ஒரு கீற்று நிழலாவது போட வேண்டும். "சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்" என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மதிலைப் பொறுத்தவரை அது கெடுதலான யோசனை. வெயில் நேராக மதிலில் அறையும்போது நிழல் எல்லாம் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மதிலை உரசிக்கொண்டு போகிற வெயில்தான் வேண்டும்.

அதைச் சோதிக்க ஒரு எளிய வழி: பேனாவை எடுத்து, அதன் அடிப்பக்கத்தைச் சுவரில் ஒட்டி, சுவருக்குச் செங்குத்தாக நீட்டிப் பிடியுங்கள். சுவரில் விழும் நிழல் பேனாவை விடக் குட்டையாக இருந்தால் வெயில் நேர்முகமாக விழுகிறது, நகர்ந்துவிடுங்கள். நிழல் பேனாவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீண்டால் அந்தச் சுவரை உடனே எடுங்கள். அந்த வெளிச்சம் அரை மணி, முக்கால் மணிக்கு மேல் நிற்காது.

எந்த மதிலுக்கு எந்த நேரம் என்பதை வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். செஞ்சியில் ராஜகிரி மேற்கே, கிருஷ்ணகிரி வடக்கே, சந்திரகிரி தென்கிழக்கே இருக்கின்றன. சந்திரகிரிக்கும் ராஜகிரிக்கும் நடுவே ஓடும் மதிலின் வெளிமுகம் ஏறக்குறைய தெற்குப் பார்த்தது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 24 பாகை வரை தெற்கே தள்ளி உதிக்கும். அப்போது காலையிலும் மாலையிலும் அந்த மதிலை வெயில் உரசிக்கொண்டு போகும். அதே மதிலை ஜூன் மாதம் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை செஞ்சியில் உச்சிவெயிலே வடக்கே சாய்ந்திருக்கும். ஜூனில் தெற்கு முகம் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். அந்த மாதங்களில் மதிலுக்கு உள்பக்கம் போய் வடக்கு முகத்தை எடுங்கள்.

கிருஷ்ணகிரிக்கும் சந்திரகிரிக்கும் இடையே ஓடுவது கிழக்கு மதில். விடிந்ததும் போய் நின்றால் பொன்னிறமாக மின்னும், மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும், படம் மட்டும் தட்டையாகவே வரும். காரணம் அந்த வெயில் நேர் எதிரே இருந்து வருவது. அந்த மதிலுக்கு உரிய நேரம் 11 மணிக்கு மேல். சூரியன் மேலே ஏறி, வெளிச்சம் தலைப்பிலிருந்து அடிவரை வழுக்கி இறங்கும். ஒவ்வொரு வரிசைக் கல்லுக்கும் கீழே ஒரு கறுப்புக் கோடு விழும். உச்சிவெயிலில் கேமராவை உறையில் போட்டுவிடு என்று பொதுவாகச் சொல்வார்கள். நிலக்காட்சிக்கும் மனித முகத்துக்கும் அது சரி. கிழக்கு, மேற்குப் பார்த்த மதிலுக்குச் சரியில்லை.

உரசும் வெயில் கிடைத்துவிட்டால் முழு மதிலையும் ஒரே படத்தில் அடைக்க நினைக்காதீர்கள். பக்கத்தில் போங்கள். கருங்கல்லில் விளிம்பை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்தச்சர்கள் உளியால் குழி போட்டு, அதில் ஆப்பு இறக்கி, பாறையைப் பிளந்த தடயம் அது. நேர் வெயிலில் அவை அழுக்குப் புள்ளிபோல் தெரியும். பக்க வெயிலில் ஒவ்வொரு குழியிலும் பாதி கறுத்து, பாதி வெளிச்சமாகி, ஒவ்வொன்றாக எண்ணலாம். உளி எந்தப் பக்கம் சாய்ந்து இறங்கியது என்பதுகூடத் தெரியும். லென்ஸை 55-ல் வைத்து, எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு) கொடுத்து, கேமராவின் பின்பக்கம் மதிலுக்கு இணையாக இருக்கும்படி பிடித்து, இரண்டு மூன்று கற்கள் மட்டும் நிறையும்படி எடுங்கள். ஒரு கல்லில் வேலை செய்தவரின் கை தெரிகிற படம், அரை மைல் மதிலைக் காட்டும் படத்தை விட அந்தக் கோட்டையைப் பற்றி அதிகம் சொல்லும் என்று நான் நம்புகிறேன்.

மதில் தூரத்தில் வளைந்து குன்றேறுவதைக் காட்ட வேண்டுமென்றால் மதிலை ஒட்டியே நின்று, அதன் நீளவாக்கில் பாருங்கள். எஃப் 11 போதும். எஃப் 16-ஐத் தாண்டினால் உங்கள் கேமராவில் எல்லாமே லேசாக மங்கும். ஃபோனில் 0.5 என்று வரும் அகல லென்ஸைத் தவிர்த்துவிட்டு 1 அல்லது 2-ல் எடுங்கள். அகல லென்ஸ் முன்னால் உள்ள கல்லைப் பெரிதாக்கி, தூரத்துக் குன்றை எறும்புப் புற்றாகச் சுருக்கிவிடும்.

மேகம் மூடிய நாளில் மதிலின் வடிவம் கிடைக்காது, நிறம் கிடைக்கும். மழை விட்ட உடனே கருங்கல் கறுத்து, அதில் படிந்த பாசியும் கல்பூவும் பச்சை, ஆரஞ்சு, வெள்ளை என்று பளிச்சிடும். அன்று வானத்தைப் படத்தில் சேர்க்காமல் கல்லை மட்டும் எடுங்கள்.

அடுத்து இடிபாடு. கல் குவியலாகத் தெரிவதற்கு வெளிச்சம் காரணமில்லை. அது என்னவாக இருந்தது என்பதற்கான குறிப்பு படத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒரு வளைவு, பாதியில் நிற்கும் படிக்கட்டு, உத்திரம் செருகியிருந்த பொந்து, சுண்ணாம்புப் பூச்சில் மிச்சமிருக்கும் கோடு, இவற்றில் ஒன்றாவது தெளிவாகத் தெரிய வேண்டும். அதைத் தேர்ந்துகொண்டு, அதற்குப் பின்னால் வேறு கல் வந்து ஒட்டிக்கொள்ளாதபடி இடமோ வலமோ நகருங்கள். பெரும்பாலும் இரண்டடி நகர்ந்தாலே தூணுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு வெளிச்ச இடைவெளி பிறந்துவிடும். இடிபாட்டுப் படங்களில் பாதியைக் காப்பாற்றுவது அந்த இடைவெளி.

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். சதுரமான அடுக்குக் கோபுரம், மாடத்துக்கு மாடம் வளைவுகள், உச்சியில் பிரமிடு போன்ற கூரை. கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். ஃபோனிலும் கேமராவிலும் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, உச்சி படத்துக்குள் வரும்வரை பின்னால் நடங்கள். தரை அதிகமாக வந்தால் வரட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். அளவு தெரிய ஒரு மாடத்தில் ஆள் ஒருவர் நிற்கட்டும். கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், படியேறிக்கொண்டிருந்தால் போதும்.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் எதை எடுப்பது என்பதும் தெளிவாகும். 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது மொகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698-ல் உள்ளே நுழைந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். மராட்டியர் இராணுவ நிலக்காட்சிகள் என்று 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இத்தனை கை மாறிய இடத்தில் எல்லாமே காலத்தால் தானாக இடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோவிலின் தூண்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குப் போயின. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சியிலிருந்து போன தூண்கள். இங்கே கோவிலின் வெறுமையான வெளியையும் அங்கே கடற்காற்றில் நிற்கும் தூண்களையும் ஒரே மாதிரி வெளிச்சத்தில் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு இடிபாட்டை இதை விட நேர்மையாகக் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

கோட்டையின் தானியக் களஞ்சியத்துக்குள் போவதை உச்சிப்பொழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தரையில் பட்டுத் தெறிக்கும் வெயில் வாசல் வழியாக உள்ளே வரும், அதுவே போதும். ஃப்ளாஷ் போட்டால் சுவரின் சொரசொரப்பு மறைந்துவிடும். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 1600-ல் வைத்து, தோளைச் சுவரில் சாய்த்து, மூச்சை விட்டபடி அழுத்துங்கள். வாசலுக்கு வெளியே உள்ள வெளிச்சம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை (பதியும் வெளிச்சத்தை) குறைத்து, ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப்பதிவாக) எடுத்தால் உள் இருட்டை வீட்டில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். முழுக்கத் தூக்க வேண்டாம். இருட்டான அறை படத்திலும் இருட்டாக இருப்பதுதான் அழகு.

இனி தண்ணீர். ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம் இரண்டும் இருக்கின்றன. தண்ணீர் வெளுத்துப் போவதற்குக் காரணம் அதில் வானம் பிரதிபலிப்பதுதான். நீரில் எது தெரிய வேண்டும் என்பது நீங்கள் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் பொறுத்தது. நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் தண்ணீர் சுமார் 2 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். அடியில் உள்ள பாசியும் படியும் தெரியும். கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தத் தாழ்த்த அதே தண்ணீர் கண்ணாடியாகிவிடும். ஆகவே குன்றின் பிம்பம் வேண்டுமென்றால் கீழ்ப்படியில் உட்கார்ந்து, கேமராவை நீருக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். குன்றில் வெயில் பட்டிருக்க வேண்டும், உங்கள் பக்கத்துத் தண்ணீர் நிழலில் இருந்தால் இன்னும் நல்லது. ராஜகிரியின் கிழக்குச் சரிவில் வெயில் விழுவது காலையில். காற்றும் காலையில்தான் அடங்கியிருக்கும். அதனால் நடையில் குளத்தை முதலில் வையுங்கள், மதிலைப் பிறகு, களஞ்சியத்தைக் கடைசியில். கோட்டையின் நுழைவுச்சீட்டுப் பகுதி விடியற்காலையில் திறந்திருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்கு முன் கிடைக்கும் நேரத்துக்குத் திண்டிவனம் - திருவண்ணாமலை சாலை இருக்கிறது. அது கோட்டைப் பரப்பின் ஊடாகவே போகிறது, வெளி மதில்களை அங்கிருந்தே எடுக்கலாம்.

பிம்பத்தை எடுக்கும்போது ஃபோகஸை நீர்ப்பரப்பில் வைக்காதீர்கள், பிம்பத்தில் தெரியும் குன்றில் வையுங்கள். பிம்பத்துக்கான தூரம் நீர்வரைக்கும் அல்ல. நீரைத் தொட்டு குன்றுவரை போகிற முழுத் தூரம். இருண்ட தண்ணீர் படத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறையுங்கள். ஃபோனில் குன்றின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் அதே வேலை.

ஃபில்டர் பற்றிக் கேட்டீர்களே, அது இங்கேதான். சர்க்குலர் போலரைசர் வாங்குங்கள். நீரின்மேல் உள்ள பளபளப்பை அது வெட்டும். நீர்ப்பரப்போடு சுமார் 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது அதிகமாக வெட்டும். குளத்தடியில் உள்ள படிகளைக் காட்ட, மழைக்குப் பின் நனைந்த கல்லின் நிறத்தைக் காட்ட அதற்கு இணையில்லை. ஆனால் பிம்பம் வேண்டுமென்றால் கழற்றிவிடுங்கள், இல்லையேல் பிம்பத்தையே அழித்துவிடும். வெளிச்சத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் விழுங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கேனானின் பழைய 18-55 லென்ஸ்கள் பெரும்பாலானவற்றுக்கு 58 மி.மீ., நிகானின் பழையவற்றுக்கு 52 மி.மீ. அளவு, லென்ஸின் முன்வளையத்தில் வட்டத்தைக் கோடு வெட்டும் குறியை அடுத்து எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஃபோனுக்கு போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னால் பிடித்துச் சுழற்றினாலே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் பாறைச் சரிவுகளில் மழைநீர் ஓடையாக இறங்கும். அது பட்டுநூலாகத் தெரிய ஷட்டர் கால் விநாடி திறந்திருந்தால் போதும். அதற்கு மேல் போனால் தண்ணீர் என்பதே தெரியாத புகையாகிவிடும். அந்த வேகத்தில் கேமரா அசையக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும், ட்ரோனுக்கும் அப்படியே. அதற்குப் பதிலாக ஒரு சின்னத் துணிப்பையில் அரைக் கிலோ அரிசியைத் தளர்வாகக் கட்டி எடுத்துப் போங்கள். படியிலோ பாறையிலோ அதை வைத்து, கேமராவை அதில் அழுத்தி உட்காரவைத்து, 2 விநாடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் குளப்படிகள் பாசி பிடித்து வழுக்கும், ஆகவே பையை வைக்கும் படிக்கு மேல்படியில் உட்கார்ந்துகொண்டே எடுங்கள்.