வாசகர் கேள்வி – பதில்: வேலைகளுக்கு நடுவே ஆன்மிகம்

கேள்வி: அலுவலக வேலை, இரண்டு சிறு குழந்தைகள், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார் என்று என் நாள் கழிகிறது. விடியற்காலையில் பத்து நிமிடம் தியானத்தில் உட்கார்ந்தாலும் யாராவது அழைத்துவிடுகிறார்கள். பொறுப்புகள் முடிந்த பிறகுதான் ஆன்மிகத்தைப் பற்றி நினைக்க முடியுமா?

பதில்: பொறுப்புகள் எல்லாம் முடிகிற நாள் ஒன்று வரும் என்பதற்கு உறுதி இல்லை, அம்மா. வந்தாலும், அதுவரை பழக்கப்படாத மனம் அன்றைக்கு மட்டும் அடங்கி உட்கார்ந்துவிடாது. வீட்டை விட்டுப் போய்விடலாமா என்று கேட்டு வந்தவர்களிடம் ரமண மகரிஷி, காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வரும் என்றுதான் சொன்னார். அவரே திருவண்ணாமலை ஆசிரமத்தில் விடியலுக்கு முன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கியவர்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில், கார்மேல் என்ற கிறிஸ்தவத் துறவியர் சபையின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் பல ஆண்டுகள் சமையல் வேலை பார்த்தார். அது அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. அப்படியிருந்தும், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே பலர் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்டு அழைத்துக்கொண்டிருக்கும்போதும், மண்டியிட்டு ஜெபிக்கும்போது இருக்கும் அதே அமைதியில் தம்மால் இறைவனோடு இருக்க முடிகிறது என்று அவர் சொன்னார். அந்த நிலை அவருக்கும் எடுத்த எடுப்பில் வாய்க்கவில்லை. மனம் விலகும் ஒவ்வொரு முறையும், தம்மைத் திட்டிக்கொள்ளாமல், அதைத் திருப்பிக் கொண்டுவந்தே பழகினார்.

நீங்களும் அதையே செய்யலாம். மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கும் முன் ஒரு மூச்சை நிதானமாக உள்ளே இழுத்து விடுங்கள். உங்களுக்குப் பிடித்த நாமம் ஒன்று இருந்தால் அதை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஐந்து நிமிடமும் கையும் கண்ணும் மனமும் அந்த உடம்பின் மீதே இருக்கட்டும். அடுத்த வேலையின் நினைப்பு வரும், ‘எல்லாம் என் தலையில்தானா’ என்ற கசப்பும் வரும். வந்ததைப் பார்த்துவிட்டுக் கைவேலைக்குத் திரும்புங்கள். இல்லாத அன்பை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை; முழுக் கவனத்தோடு செய்தால் போதும். எல்லோராலும் இயலும் அறங்கள் என்று திருமூலர் நான்கைச் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல். இந்த நான்காவதற்குச் செலவே கிடையாது; ஆனால் களைத்துப்போன மாலை நேரத்தில் நான்கிலும் கடினமானது அதுதான். அன்றைக்கு அதை மட்டும் காப்பாற்றினாலும் நீங்கள் சாதனை செய்தவர்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பொறுமை, சேவை என்று பெயர் சூட்டி ஒரு வீட்டின் சுமை முழுவதையும் ஒரே பெண்ணின் தோளில் ஏற்றிவைப்பதை நான் ஆன்மிகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கணவரிடமும் மற்றவர்களிடமும் உதவி கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்களை யாரும் அழைக்காமல் பார்த்துக்கொள்வது அவர்கள் செய்ய வேண்டிய சேவை.

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரம் தியானம் செய்கிறேன். ஆனால் எழுந்த சிறிது நேரத்திலேயே மனைவியிடமோ மகனிடமோ கத்திவிடுகிறேன். நான் செய்வது வேஷம்தானோ என்று வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்படுகிறவர் வேஷக்காரர் அல்ல. உங்கள் நிலைக்கு நம் மொழியில் ஒரு பழமொழியே இருக்கிறது: ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?’ தவத்தில் இருந்த கொங்கணவர் மீது ஒரு கொக்கு எச்சமிட, அவர் கோபமாய்ப் பார்த்த பார்வையிலேயே அது எரிந்து விழுந்தது. பிச்சைக்குப் போன வீட்டில் வாசுகி தம் கணவர் வள்ளுவருக்குப் பணிவிடை செய்துவிட்டுத் தாமதமாக வர, அவரையும் முனிவர் அப்படியே பார்த்தார். அப்போது அந்த அம்மையார் கேட்ட கேள்விதான் அது. இதே கதை மகாபாரதத்தின் வன பர்வத்திலும் உண்டு. அங்கே கௌசிகன் என்ற தவசியை அந்த இல்லத்தரசி மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதனிடம் அனுப்புகிறாள். அவன் தன் தொழிலைப் பார்த்துக்கொண்டே, வயதான பெற்றோரைப் பேணிக்கொண்டே, அந்தத் தவசிக்கு அறம் உரைக்கிறான்.

தவசிக்குத் தவம் வாய்த்திருந்தது; ஒரு வாசலில் சற்று நேரம் காத்து நிற்கத்தான் வரவில்லை. ஏன் என்று யோசித்தால், தவம் அவருடைய உடைமையாகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘என் தியானம், என் அமைதி’ என்று நாம் சேர்த்துவைத்ததை யாரோ வந்து கலைக்கும்போது, பொருளைப் பறிகொடுத்தவனின் கோபமே வருகிறது. நீங்கள் கத்தும் நேரங்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை உங்கள் அமைதி குலைக்கப்பட்ட நேரங்களாகவே இருக்கும்.

ஆகவே ஒரு மணி நேரத்தை முக்கால் மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கால் மணி நேரத்தை, தியானம் முடிந்து எழுந்தபின், வீட்டாரோடு அவர்களுடைய வேலையில் செலவிடுங்கள். மகனின் புத்தகப் பையைத் தேடிக்கொடுப்பதும் அதில் அடங்கும். கோபம் சொல்லாக வெளிவருவதற்கு முன் உடம்பில் தெரியும்: தாடை இறுகும், மூச்சு மேலேறும், காது சூடாகும். தியானத்தில் மூச்சைப் பார்க்கக் கற்ற உங்களுக்கு இதைப் பார்க்கவும் முடியும். பார்க்கத் தவறிக் கத்திவிட்டால், அன்றைய பொழுது முடிவதற்குள், மகன் சிறுவன்தானே என்று நினையாமல், அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். கோபம் அறவே நின்றுவிட்டதா என்று தேடாதீர்கள். முன்பு மாலை வரை நீடித்த கோபம் இப்போது அரை மணி நேரத்தில் தணிகிறது என்றால், தியானம் பலன் தரத் தொடங்கிவிட்டது.

கேள்வி: கைப்பேசிச் செயலியைக் கேட்டுக்கொண்டு தியானம் செய்வது சரியா?

பதில்: தொடக்கத்தில் துணையாக இருக்கட்டும், தவறில்லை. தொடர்ந்து எத்தனை நாள் செய்தீர்கள் என்று அது காட்டும் எண்ணிக்கையில் மனம் போகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வெறுமனே சம்பாதித்துச் சாப்பிட்டு வாழ்வது போதவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஆன்மிகத்தில் இடம் உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. பௌத்தமும் சமணமும் உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஏற்காதவை. ஆனால் மனத்தைப் பண்படுத்துவதில் அவை காட்டிய நுட்பம் வியப்பூட்டுவது. நடக்கும்போது நடப்பதையும், நிற்கும்போது நிற்பதையும், உண்பது, உடுத்துவது முதலான ஒவ்வொரு செயலையும் அறிந்து செய்யும்படி புத்தர் பயிற்றுவித்தார். இதற்கு எந்த நம்பிக்கையும் முன்நிபந்தனை இல்லை.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, உறங்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மரபுகளிலெல்லாம் இது இருக்கிறது என்பதே இதன் மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது. முதல் நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் செனெக்கா, இரவில் விளக்கு அகற்றப்பட்டு மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, தாம் அன்று சொன்னதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் தமக்குள் விசாரித்ததாக எழுதியிருக்கிறார். சமணர்கள் பிரதிக்கிரமணம் என்ற பெயரில் தம் பிழைகளை நினைத்து வருந்தி, எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறார்கள். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா வகுத்த மனச்சான்று ஆய்வு, நன்றி சொல்வதிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளுக்கு வேண்டாம், இன்று உங்களுக்கு நல்லது செய்த மனிதர்களுக்கு. பிறகு எங்கே பொய் சொன்னேன், யாரைக் காயப்படுத்தினேன் என்று பாருங்கள். செனெக்கா தம்மை நோக்கிச் சொல்லிக்கொண்டது போல, ‘இனி இதைச் செய்யாதே, இம்முறை மன்னித்தேன்’ என்று முடித்துவிட்டுத் தூங்குங்கள். நீளமாகச் செய்தால் அது தன்னிரக்கமாக மாறிவிடும்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜபம் செய்து வருகிறேன். எனக்கு எந்த அனுபவமும் வாய்க்கவில்லை. இப்போது உள்ளே வறட்சிதான் இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: தவறினீர்கள் என்று நான் நினைக்கவில்லை, ஐயா. அவிலா நகரத்துப் புனித தெரேசா (1515–1582), ஜெபிக்க உட்கார்ந்தால் நேரம் எப்போது முடியும் என்று காத்திருந்த ஆண்டுகள் தமக்கு இருந்ததை மறைக்காமல் எழுதினார். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் இருளையே உணர்ந்திருந்தார் என்று தெரிந்து உலகமே திகைத்தது. அந்த ஆண்டுகளில்தான் அவர் ஆதரவற்றோரின் புண்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒளியும் நாதமும் சிலருக்கு வரலாம், பலருக்கு வருவதில்லை. இருபது ஆண்டு ஜபம் உங்களை என்ன செய்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். உடன் வாழ்பவர்களுக்குத் தெரியும். மனைவியிடமோ, நெடுநாள் நண்பரிடமோ, உங்களிடம் கேள்வி கேட்கத் தயங்காத ஒருவரிடமோ, ‘முன்பிருந்ததற்கு நான் இப்போது பழக எளியவனாக இருக்கிறேனா?’ என்று ஒருநாள் கேளுங்கள். இடையில் பேசாமல் பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது எப்படி இருந்தாலும், மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் ஜபத்துக்கு உட்காருங்கள்.