நர்ஸம்மா பதில்கள்: ஊசி, மாஸ்க், இன்ன பிற

(நவம்பர் 2021)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொரோனா ஊசியும் மாஸ்க்கும்தான். மூட்டு வலியும் தூக்கமின்மையும் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் கவனிக்கிறேன்.

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. "நான் எங்கே ஊர் சுத்தப் போறேன், எனக்கு எதுக்கு ஊசி?" என்கிறார். முகாம் நடக்கிற பள்ளிக்கூடம் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. எப்படிச் சம்மதிக்க வைப்பது? (வாசகி, அருப்புக்கோட்டை)

அவர் ஊர் சுற்ற வேண்டாம்மா. ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிற நீங்கள்தானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறீர்கள்? இதை உங்கள் வீட்டுக்காரர் வாயால் சொன்னால் எடுபடும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். "எனக்கு எதுக்கு" என்பது பெரும்பாலும் உண்மையான காரணமாக இருப்பதில்லை.

எங்கள் தெருவிலும் ஒரு பெரியம்மா இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 12-ம் தேதி முதலாவது மெகா முகாம். தமிழ்நாடு முழுக்க 40 ஆயிரம் இடங்களில், ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். இவர் மட்டும் திண்ணையை விட்டு இறங்கவில்லை. நானும் சத்தம் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் அரசு துணை சுகாதார நிலையத்தில் குப்பை கொட்டிய வாய், சும்மா இருக்காது. நான் சத்தம் போட்டால் அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். அதோடு பேச்சு முடிந்தது.

அப்புறம் ஒரு நாள் அவர் பூ தொடுத்துக்கொண்டிருந்தபோது, ஊசிப் பேச்சே எடுக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து விஷயம் தானாக வந்தது. அவர் போடுவது பழைய காலத்து ரவிக்கை. கை முழங்கை வரை வரும், நல்ல இறுக்கம், சுருட்டினால் பாதிக்கு மேல் ஏறாது. ஊசி போடுகிற இடமோ தோளுக்குச் சற்றுக் கீழே. "அத்தனை ஆம்பளைங்க வரிசையில நிக்கிற ஹால்ல நான் ரவிக்கையக் கழட்டணுமா?" என்றார். மகனிடம் இதை எப்படிச் சொல்வார்? மருமகளிடமும் சொல்லவில்லை. ஒரு ரவிக்கையின் கைத்தையலை அன்றைக்கே பிரித்துவிட்டோம். அடுத்த முகாமில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கையை மட்டும் நீட்டினார், வேலை முடிந்தது. அதே கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு, காசு மாதிரி வட்டமாக இரண்டு. "இதுக்கு வைக்கோப்போருக்குள்ள ஒளிஞ்சேன், காலைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க" என்று நர்ஸ் பெண்ணிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பின்னால் வரிசை நின்றது.

உங்கள் மாமியாரிடம் முதலில் ரவிக்கையைப் பற்றிக் கேளுங்கள். அது இல்லையென்றால் வேறு ஏதோ ஒன்று இருக்கும். சர்க்கரை உள்ளவர், தள்ளிப்போட வேண்டாம். வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

கேள்வி: நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே மயங்கி விழுந்தாரே? அதற்கு அப்புறம் எனக்குத் துணிச்சல் வரவில்லை. (வாசகர், தேனி)

ஏப்ரல் 15-ம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டார். எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பேசவும் செய்தார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி விடியற்காலை போய்விட்டார். இதய ரத்தக் குழாயில் அடைப்பு, ஊசியோடு தொடர்பில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து, ஊசி காரணமில்லை என்று போன மாதம் சொல்லிவிட்டது.

சரி, இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். மார்ச் முதல் வாரத்தில் எனக்குக் கோவிஷீல்டு முதல் டோஸ். ஆறு வாரம் முடிந்து இரண்டாவது போட வேண்டியது சரியாக அந்த வாரம். பையை எடுத்துக்கொண்டு, செருப்பும் மாட்டிவிட்டேன். அப்புறம் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "ஆறிலிருந்து எட்டு வாரம்னுதானே சொல்லியிருக்காங்க, எட்டுலயே போட்டுக்கலாம்" என்றேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. காலண்டரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி குத்திய கை இது. எட்டாவது வாரம் போய்ப் போட்டுக்கொண்டேன். ஒரு ராத்திரி குளிர், மறுநாள் கை வலி, அவ்வளவுதான்.

அதனால் உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பயமாக இருந்தால் பயந்துகொண்டே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். இருதயக் கோளாறு, ரத்தக்கொதிப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நழுவாதீர்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கொத்தனார். ஊசி போட்டால் பத்து நாள் குடிக்கக் கூடாது, கறி தின்னக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முகாம் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. (வாசகி, கோவில்பட்டி)

இவரைப் போன்றவர்களுக்காகத்தான் ஆறாவது மெகா முகாமை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறியும் குடியும் உள்ளவர்கள் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியனே சொன்னார்.

கறி தாராளமாகச் சாப்பிடலாம். குடித்தால் ஊசி வேலை செய்யாது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு நாள் குடிக்காமல் இருந்தால், தலைவலி ஊசியால் வந்ததா பாட்டிலால் வந்ததா என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எனக்கென்னவோ அவருக்குக் குடியைவிடக் கூலிதான் கவலையோ என்று தோன்றுகிறது. காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தால் யார் தருவார்கள்? சனிக்கிழமை முகாம் வந்தால் சாயங்காலம் கூலி வாங்கின கையோடு அனுப்புங்கள். காய்ச்சல் வந்தாலும் ஞாயிறு லீவு, ஒரு பாராசிட்டமால் போதும். சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில் ஊசி போட வந்தவர்களுக்குப் பிரியாணி கொடுத்தார்கள், குலுக்கலில் தங்கக் காசுகூட உண்டு என்றார்கள். தங்கக் காசுக்கு நீங்கள் எங்கே போவீர்கள், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு டோஸும் போட்டாச்சு. மாஸ்க் தாடையில் இருந்ததற்கு பஸ் ஸ்டாண்டில் 200 ரூபாய் அபராதம் வாங்கிவிட்டார்கள். நியாயமா? (வாசகர், சாத்தூர்)

தாடைக்குக் கொரோனா வராது தம்பி.

ஊசி ஆளை ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போகாமல் காப்பாற்றும். மூக்கில் கிருமி வந்து உட்காருவதை முழுசாகத் தடுக்காது. உங்களுக்கு லேசான ஜலதோஷமாக வந்து போவது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவருக்குப் போனால் கதை வேறு.

தீபாவளிக்கு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். பில் போடுகிற பையன் மாஸ்க் போட்டிருந்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கேரி பேக்கைப் பிரிக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. மாஸ்க்கை இறக்கினான், ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டான், பையைப் பிரித்தான், அதே விரலால் மாஸ்க்கை மேலே ஏற்றினான். அடுத்த ஆள், அடுத்த பை. நான் நின்ற பத்து நிமிஷத்தில் ஏழு பை. இன்னும் சிலர் இருக்கிறார்கள், சும்மா இருக்கும்போது மூக்கு வரை போட்டிருப்பார்கள், போன் வந்தால் இறக்கிக்கொண்டு பேசுவார்கள். எச்சில் தெறிப்பதே பேசும்போதுதான்!

இன்னொன்று: வால்வு வைத்த என்-95 மாஸ்க் வேண்டாம். நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். போட்டவருக்குப் பாதுகாப்பு, எதிரில் நிற்பவருக்கு இல்லை. 2020 ஜூலையிலேயே மத்திய அரசு எச்சரித்தது, இன்னும் விற்கிறார்கள்.

கேள்வி: தினமும் கபசுரக் குடிநீர் குடிக்கிறேன். ஊசியும் வேண்டுமா? (வாசகர், திருமங்கலம்)

வேண்டும். அதையும் குடியுங்கள், நானும் குடித்தேன். ஊசிக்குப் பதில் அது ஆகாது.

கேள்வி: நன்றாகப் படித்தவர்களே ஊசியை எதிர்க்கிறார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகுதான் இந்தக் கூத்தா? (வாசகர், மதுரை)

வாட்ஸ்அப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1955-ல் ராஜாஜியே எதிர்த்தார். அதற்கு முந்தின வருஷம் வரை முதலமைச்சராக இருந்தவர்! மருந்து தயாரானதோ அவர் இருந்த அதே சென்னையில், கிண்டியில்.

ஆனால் வாட்ஸ்அப்பின் வேகத்தை நான் நேரில் பார்த்தேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம், ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயது வரை. ஓய்வு பெறுவதற்கு முன் எனக்கு அதுதான் கடைசிப் பெரிய வேலை. நாங்கள் ஐஸ் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்பே ஆடியோ போய்விட்டது, பிள்ளை பிறக்காது, அது இது என்று. கேட்டில் ஓர் அப்பா வழியை மறித்துக்கொண்டு, "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். நான் கையெழுத்துப் போட்டால் மருந்துக்கு நான் பொறுப்பா என்று எனக்கும் ஆத்திரம். வாக்குவாதத்தில் காலை போயிற்று. மத்தியானம் தலைமையாசிரியை தன் பேத்தியை வீட்டிலிருந்து கூட்டிவந்து முதலில் நிறுத்தினார். அதைப் பார்த்துப் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். மீதிப் பேர் வீட்டுக்கு இரண்டு வாரம் நடந்தேன். கேட்டில் மறித்தவர் பிள்ளைக்கு நான் போடவில்லை. அப்புறமாவது போட்டாரா என்று தெரியாது.

கேள்வி: பள்ளிக்கூடம் திறந்தாச்சு. நான் ஆறாம் வகுப்பு. டீச்சர் மாஸ்க் போட்டுப் பாடம் நடத்துவதால் பாதி புரியவில்லை. என்ன செய்வது பாட்டி? (ராஜபாளையம்)

டீச்சரிடமே தைரியமாகச் சொல் கண்ணு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, நிறுத்திப் பேசுவார். உன் மாஸ்க்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். என் பேரன் நவம்பர் ஒன்றாம் தேதி நீல மாஸ்க்கில் போய்விட்டு, சாயங்காலம் புலிப் படம் போட்ட மாஸ்க்கில் வந்து நின்றான். கேட்டால், "நல்லா இருந்துச்சு பாட்டி, மாத்திக்கிட்டோம்" என்கிறான்.