பேரி மரம்: குளிரை எண்ணிவிட்டுக் குழி தோண்டுங்க

பேரி வளர்ப்பு பற்றி நம்ம விவசாயிகள் குழுவில் சேர்ந்திருந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. பாதி நம்ம மலைப்பக்கத்துக் கேள்வி, மீதி கடல் தாண்டிப் போய்த் தோட்டம் போட்டிருக்கும் நம்ம ஆட்கள் கேட்டது.

பொள்ளாச்சி: தென்னைக்கு நடுவுல நாலு பேரி வெக்கலாமுங்களா? எங்க வெச்சாலும் வரும்னு நாத்துப்பண்ணையில சொல்றாங்க.

வேண்டாமுங்க. பேரி இலையுதிர்த்துத் தூங்கி எழும் மரம். அது எழ, 7 டிகிரிக்குக் கீழான குளிர் மணிக்கணக்கில் சேர வேண்டும். வில்லியம்ஸ் மாதிரி ஐரோப்பிய ரகங்களுக்கு 600 மணிக்குக் குறையாமல் வேண்டும், பல ரகங்கள் ஆயிரம் மணிகூடக் கேட்கும். பொள்ளாச்சியில் மார்கழி விடியலிலும் 7 டிகிரி வருவதில்லை. மரம் சாகாது, தழைத்து வளரும், பூ மட்டும் வராது. ஏழெட்டு வருஷம் தண்ணி விட்ட பிறகுதான் அது தெரியவரும் என்பதால் இப்பவே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் ஜாதிக்காய் வையுங்க.

கோத்தகிரி: இருபது மரம், ஆறு வருஷம் ஆச்சுங்க. எல்லாம் ஒரே ரகம். பூவு ஒரு மாசத்துக்கு விட்டு விட்டு வருது, பிஞ்சு நிக்கறதில்ல. உரம் பத்தலையா?

உரம் காரணமில்லீங்க. இதில் ரெண்டு கோளாறு சேர்ந்திருக்கு.

முதலாவது, குளிர் அரைகுறையாகக் கிடைத்த மரம் ஒரே மூச்சில் பூக்காது. ஒரு கிளை பூக்கும்போது இன்னொன்று தூங்கும். இந்த உயரத்துக்குக் கீஃபர், நாட்டுப் பேரி போன்ற குறைந்த குளிர் ரகங்கள்தான் சரி. ரெண்டாவது, பேரியில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தில் காய்க்காது. ஒரே ரகத்தில் இருபது மரம் இருந்தாலும் மகரந்தக் கணக்கில் அது ஒற்றை மரம்தான், ஏனென்றால் எல்லாமே ஒரே மரத்தின் குச்சியில் கட்டிய ஒட்டு.

மரத்தை வெட்ட வேண்டாம். இலை உதிர்ந்திருக்கும்போது, அதே சமயத்தில் பூக்கும் வேறு ரகத்தின் குச்சியை நாலைந்து மரங்களில் ஆளுக்கொரு கிளையில் மேலொட்டுக் கட்டுங்க. அது பூக்கும்வரை, வேறு ரகத்தின் பூங்கொத்துகளை வெட்டி வாளித் தண்ணியில் வைத்து மரங்களுக்கு நடுவே தொங்கவிடலாம். தேனீப் பெட்டியைப் பத்தில் ஒரு பங்கு பூ விரிந்த பிறகே கொண்டு வாங்க. பேரிப்பூவின் தேனில் சர்க்கரை குறைவு. முன்கூட்டியே வைத்தால் தேனீ பக்கத்துப் பூக்களுக்குப் பழகி, திரும்பி வராது.

இன்னொன்றும் செய்யணும். பேரிக் கிளைகள் செங்குத்தாக ஏறும் குணமுள்ளவை. செங்குத்துக் கிளை தழைக்கும், காய்க்காது. இளங்கிளைகளைக் கயிறு கட்டியோ எடை தொங்கவிட்டோ தண்டிலிருந்து 60 டிகிரிக்குச் சாய்த்து விடுங்க. காய் பிடிக்கிற குட்டைக் கிளைகள் ரெண்டு வயசுக்கு மேற்பட்ட கிளையில்தான் வரும். அவற்றைக் கவாத்தில் வெட்டிவிட்டு அடுத்த வருஷம் காயைத் தேடுகிறவர்கள் நிறைய.

ஏற்காடு: காப்பிக்குப் பக்கத்துல வெக்கப் போறேன். குழி, மண் எப்படி இருக்கணும்?

60 செ.மீ. நீளம், அகலம், ஆழம். மரத்துக்கு மரம் 5 மீட்டர். மண்ணின் கார அமில அளவு (pH) 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். மலைமண் அதைவிடப் புளித்திருந்தால், மண் பரிசோதனை சொல்லும் அளவு டோலமைட் சுண்ணாம்புப் பொடியை நடுவதற்கு ரெண்டு மூணு மாசம் முன்பே கலந்துவிடுங்க. மக்கிய தொழு உரம் மட்டும் மேல்மண்ணோடு சேரட்டும், ரசாயன உரம் குழிக்குள் போக வேண்டாம், இளவேர் கருகும். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே தெரியணும். புதைந்தால் மேல்ரகம் தானே வேர்விட்டு, வேர்ச்செடி (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) தந்த குணம் போய்விடும். காப்பிக்கான நிழல் மரத்தடி பேரிக்கு ஆகாது, முழு வெயில் விழும் ஓரத்தில் வையுங்க.

கனடா, எட்மன்டன் (சொந்த ஊர் கோபி): கடையில வாங்கின பார்ட்லெட் கன்னு ரெண்டு தடவையும் முதல் குளிர்லயே போயிருச்சு. இங்க பேரியே வராதுங்களா?

வரும் கண்ணு. உங்களுக்குப் பிரச்சினை நம்ம ஊருக்கு நேர் எதிர்: குளிர் மிஞ்சிப் போச்சு. மைனஸ் 35 வரும் இடத்தில் பார்ட்லெட் (நம்ம வில்லியம்ஸின் இன்னொரு பெயர்தான்) நிற்காது. யூர், கோல்டன் ஸ்பைஸ் ரகங்கள் இரண்டும் அந்தக் குளிருக்கு ஆனவை. காய் சிறிசு. ரெண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றுக்கொன்று மகரந்தம் ஆகும்.

ரகத்தை மட்டும் கேட்டு வாங்கி ஏமாறாதீங்க, வேர்ச்செடி எதுவென்று கேளுங்க. குட்டை மரத்துக்காகக் குவின்ஸ் என்ற, பேரிக்கு உறவான பழமரத்தின் வேரில் கட்டியிருந்தால், மேலே எந்த ரகம் இருந்தாலும் வேர் உறைந்துவிடும். கடுங்குளிர் தாங்கும் உசூரிப் பேரி நாற்றில் கட்டியதாக இருக்கணும்.

மண் இளகிய பிறகு நடுங்க. பள்ளத்தில் வைக்காதீங்க, குளிர்ந்த காற்று தண்ணி மாதிரி தாழ்வான இடத்தில் தேங்கும். பூ விரிந்திருக்கும்போது மைனஸ் 2.2 டிகிரி வந்தால் பத்தில் ஒன்று கருகும், மைனஸ் 4.4 ஆனால் பத்தில் ஒன்பது போகும். ரெண்டே டிகிரி வித்தியாசம்தான். அதனால் சின்ன மரத்தின் மேல் ராத்திரி தரை வரை துணி போர்த்துவது வீண்வேலை இல்லை.

ஜூன் கடைசிக்குப் பிறகு தழைச்சத்து வேண்டாம். தாமதமாக வந்த தளிர் முற்றாமல் குளிரில் மாட்டும். பனிக்காலப் பகல் வெயிலில் தென்மேற்குப் பக்கப் பட்டை சூடேறி, ராத்திரி உறைந்து பிளக்கும். வெள்ளை லேடெக்ஸ் பெயின்டில் சரிபாதி தண்ணி கலந்து அடித்தண்டில் பூசுங்க. எலி, முயலுக்குச் சிறுகண் கம்பிவலை சுற்றணும். முயல் பனிமேட்டின் மேல் ஏறி நின்று கடிக்கும், அதனால் வலையின் உயரத்தைப் பனியின் மட்டத்துக்கு மேல் கணக்கிடுங்க. மூடாக்கு தண்டைத் தொட வேண்டாம்.

டொராண்டோ பக்கம் (சொந்த ஊர் நாமக்கல்): பூத்து முடிஞ்சதும் கிளை நுனி தீயில வாட்டின மாதிரி கறுத்து, குடைக்கம்பி போல வளைஞ்சு நிக்குதுங்க.

நெருப்புக் கருகல் நோய். இது பாக்டீரியா, பூ வழியாக நுழையும், தேனீயும் மழையும் பரப்பும். காய்ந்த நாளில், கறுப்பு முடியும் இடத்துக்கு 30 செ.மீ. கீழே வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் நனைக்கணும், இல்லையென்றால் கத்தரியே நோயைப் பரப்பும். வெட்டியதை எரியுங்க. தண்டுக்கே வந்துவிட்டால் மரத்தை எடுத்துவிடுவதுதான் மற்ற மரங்களுக்கு நல்லது. உரத்தைக் குறையுங்க, கொழுத்த தளிரைத்தான் இது முதலில் பிடிக்கும். பார்ட்லெட், போஸ்க் சுலபமாக மாட்டும். ஒன்டாரியோவிலேயே உருவான ஹாரோ ஸ்வீட் நன்றாகத் தாங்கும்.

ஊருக்கு வரும்போது ஆசைப்பட்டு ஒட்டுக்குச்சி மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்துவிடாதீங்க. நீலகிரித் தோட்டங்களுக்கு இந்த நோய் வேண்டாம்.

ஊட்டி: மரத்துலயே பழுக்க விட்டா உள்ள பழுப்பா அழுகுது. ஏனுங்க?

ஐரோப்பியப் பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும். வெளியே மஞ்சள் தெரியும்போது நடு கெட்டிருக்கும். காயைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்குங்க. காம்பு தானாக விட்டால் பறிக்கும் பருவம். வில்லியம்ஸைச் சில நாள் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு வெளியே வைத்தால் சீராகப் பழுக்கும். காம்புப் பக்கக் கழுத்தை அழுத்தினால் இளக்கம் தெரியணும். வயிறு இளகும்வரை காத்திருந்தால் தாமதம். ஜப்பான், சீன ரகங்கள் மட்டும் மரத்திலேயே பழுக்கும்.

ஈரோடு: சாப்பிடும்போது மணல் மாதிரி நறநறங்குதே, மருந்தடிச்சதா?

இல்லீங்க. அது காயிலேயே இருக்கும் கல்லணுக்கள். நாட்டுப் பேரியில் அதிகம்.

குன்னூர்: விதை போட்டா அதே காய் வருமுங்களா?

வராது, தாயைப் போலக் காய்க்காது, பூக்கவும் ஏழெட்டு வருஷம் பிடிக்கும். ஆனால் வேர்ச்செடிக்கு நாட்டுப் பேரி விதை அருமையானது. கழுவிய விதையை ஈர மணலில் பொதிந்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் 60 முதல் 90 நாள் வைத்து, முளை எட்டிப்பார்க்கும்போது பையில் ஊன்றுங்க. தண்டு பென்சில் கனம் வந்ததும் கீஃபர் குச்சியைக் கட்டலாம்.