பாரிஸ் போனால் நம்மூர் மாற்றுத்திறனாளி அட்டைக்குச் சலுகை கிடைக்குமா?

"தம்பி சக்கர நாற்காலியில்தான் வருவான். ஏப்ரலில் பாரிஸ் போகிறோம். நம்மூர் அட்டையை அங்கே மதிப்பார்களா? கூடப் போகிற எனக்கும் ஏதாவது குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதிப்பார்கள். உங்களுக்கும் குறையும், பல இடங்களில் உங்களுக்கும் சேர்த்தே இலவசம்.

2024 அக்டோபரில் நானும் என் அண்ணனும் ஆறு நாள் அங்கே இருந்தோம். அண்ணனுக்கு இரண்டு வயதில் போலியோ. நம் மாரியப்பன் தங்கவேலு பாரிஸ் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டி வெண்கலம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மைதானத்தை வெளியில் நின்றாவது பார்க்க வேண்டும் என்றுதான் அண்ணன் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார். போய்ப் பார்த்தோம்.

லூவ்ர் அருங்காட்சியகத்தில் அப்போது நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 22 யூரோ. 2026 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ ஆக்கிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அங்கே கட்டணமே இல்லை. நம்மூர் ரயிலில் கூட வருபவருக்கும் சலுகை கொடுக்கிறார்களே, அந்த மாதிரிதான். எந்த நாட்டு அட்டை என்பதைப் பார்ப்பதில்லை. வெளியே நீண்ட வரிசை. எங்கே போய்ச் சேர்வது என்று நான் தயங்கி நின்றபோது, வாசலில் இருந்த பெண் ஊழியரே கையசைத்துக் கூப்பிட்டார். அண்ணன் தன் யுடிஐடி அட்டையை, அதாவது மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை நீட்டினார். அதில் எல்லாம் ஆங்கிலத்திலும் இருப்பதால் சிக்கல் வரவில்லை. அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு விரலைக் காட்டி "இரண்டு பேரா?" என்பது போலத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்து நடந்ததைத்தான் அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். லூவ்ருக்கு வாசலாக இருக்கும் கண்ணாடிப் பிரமிடுக்குள் நுழைந்தால் கீழே இறங்க ஒரு சுழல் படிக்கட்டு. அதன் நட்டநடுவே, கூரை இல்லாத ஒரு வட்ட மேடை உருளை போலத் தரையிலிருந்து எழும்பி வரும். அதுதான் லிஃப்ட். நாற்காலியோடு அண்ணன் அதில் ஏற, சுற்றிலும் ஜனங்கள் படியில் இறங்க, தலைக்கு மேலே கண்ணாடி வழியாக வானம் தெரிய, மெதுவாகக் கீழே போனார். எத்தனையோ கட்டடங்களில் பின்பக்கம், குப்பைத்தொட்டி ஓரமாக இருக்கும் வழியில்தான் அவரை நான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்கு அவர் போனது நடுவழி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓர்சே, ஒராஞ்செரி அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை எல்லாவற்றிலும் இதே விதிதான், உங்கள் இருவருக்கும் இலவசம். லூவ்ருக்குச் செவ்வாயும் ஓர்சேவுக்குத் திங்களும் விடுமுறை என்பதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். ஈஃபில் கோபுரத்தில் இலவசம் கிடையாது, இருவருக்கும் குறைந்த கட்டணம். சக்கர நாற்காலியோடு இரண்டாம் தளம் வரைதான் விடுவார்கள். அவசரமாக இறக்க வேண்டி வந்தால் முடியாது என்பதால் உச்சிக்கு அனுமதி இல்லை. இதைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் மனசு கஷ்டப்படும்.

போக்குவரத்து வேறு கதை. அங்கே சலுகை அட்டைகள் உள்ளூர்வாசிகளுக்குத்தான், நாம் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய பிரச்சினை படிக்கட்டு. 1900-ல் தொடங்கிய மெட்ரோ அது, பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. 1998-ல் வந்த 14-ஆம் எண் தடத்தில் மட்டும் நம்பிப் போகலாம். அது இப்போது ஓர்லி விமான நிலையம் வரை ஓடுகிறது. மற்றபடி பேருந்துதான். நடுக்கதவுப் பக்கம் சக்கர நாற்காலி படம் போட்ட நீலப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஓட்டுநர் சாய்தளத்தை வெளியே நீட்டுவார். குழந்தை வண்டிக்காரர்கள் தாங்களாகவே நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பேருந்தில் போனால் நேரம் கொஞ்சம் அதிகமாகும், ஆனால் ஊரையே பார்த்துக்கொண்டு போகலாம்.

விமான நிலைய உதவிக்குக் காசு கிடையாது. ஆனால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவைக்க வேண்டும், திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து. சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கு நிர்ணயக் கட்டணம். நாங்கள் போனபோது, ஊருக்கு நடுவே ஓடும் செய்ன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று: கழிப்பறை. தெருவோரங்களில் தானே கழுவிக்கொள்ளும் சாம்பல் நிறக் கூண்டுகள் நிற்கும். சனிசெத் என்பார்கள். ஊர் முழுக்க 400-க்கு மேல் இருக்கின்றன, எல்லோருக்கும் இலவசம், நாற்காலி உள்ளே போகும். அண்ணன் வெளியூர் போனால் தண்ணீரே குடிக்க மாட்டார். அங்கே இரண்டாம் நாளிலிருந்து குடித்தார்.

அசல் அட்டை, இரண்டு நகல், போனில் ஒரு படம், இருவரின் பாஸ்போர்ட், இவை போதும். துணைக்கு வருபவர் கூடவேதான் நுழைய வேண்டும், தனியாகப் போனால் சலுகை இல்லை. நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும் இடங்களும் உண்டு, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எங்களைப் படுத்தியது நாங்கள் தங்கிய விடுதிதான். "லிஃப்ட் உண்டா?" என்று மின்னஞ்சலில் கேட்டேன். "உண்டு" என்றார்கள். இருந்தது, பழைய கட்டடத்தில் பின்னாளில் நுழைத்த ஒடுக்கமான பெட்டி. அண்ணனின் நாற்காலி 64 செ.மீ. அகலம், கதவு அதைவிடச் சிறியது. முதல் ராத்திரி நாற்காலியைக் கீழே மடித்து வைத்துவிட்டு, அவரை நானும் வரவேற்பறைப் பையனும் கைத்தாங்கலாக உள்ளே நிறுத்தி மேலே கொண்டுபோனோம். மறுநாளே வேறு விடுதிக்கு மாறினோம், கட்டிய பணம் போனது போனதுதான். அதனால் லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். தம்பியின் நாற்காலியை இன்றைக்கே அளந்து, லிஃப்ட் கதவும் குளியலறைக் கதவும் எத்தனை செ.மீ. என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.