ஸ்கேனரில் பி0700 என்ற கோளாறு கோடு (code) வந்து ஆட்டோமேட்டிக் கார் மூன்றாவது கியரிலேயே நிற்கிறது. மெக்கானிக் சொல்வதுபோல் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு இறக்க விடாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே சொல்கிறேன். திருவொற்றியூரில் கிளம்பி இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலைப் பள்ளத்தில் குலுங்கியதும் மீட்டரில் 'டி' மின்னுகிறது, வண்டி மூன்றில் பூட்டிக்கொள்கிறது. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடுகிறது. தேய்ந்த கிளட்ச் தட்டு சாவியைத் திருப்பியதும் ஆறிவிடாது. குலுக்கலில் வந்து சாவியில் போகிற கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான் இருக்கும். தண்டையார்பேட்டையில் 22 வருடமாக வண்டி ஒயரிங் பார்க்கிறவன் என்கிற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

ஏன் மூன்றாவது கியர்? கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரான டிசிஎம், தனக்கு வரும் சிக்னலை நம்ப முடியாத நிலையில், கியர் மாற்றும் ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வுகளான சாலினாய்டுகளுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். கரண்ட் இல்லாதபோது ஆயில் அழுத்தம் தானாகப் போய்ப் பிடிக்கும் கியர், நான்கு கியர் வண்டிகள் பலவற்றில் மூன்றாவது. வீடு போய்ச் சேரட்டும் என்று செய்துவைத்த ஏற்பாடு அது.

பி0700 என்பது நோயின் பெயர் கிடையாது. 'டிசிஎம்மிடம் ஒரு புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்' என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும் தகவல், அவ்வளவுதான். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்கள் பல அதோடு நின்றுவிடும். டிசிஎம்மைத் திறந்து படிக்கும் ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள். பி0715 என்றால் இன்புட் ஸ்பீடு சென்சார், பி0720 அவுட்புட் சென்சார், பி0705 கியர் நிலை சுவிட்ச், பி0753, பி0758 சாலினாய்டு மின்சுற்றுகள். யு0101 வந்தால் டிசிஎம் மற்ற கம்ப்யூட்டர்களோடு பேசவே இல்லை என்று அர்த்தம். பி0730, அதாவது கியர் விகிதம் பொருந்தவில்லை என்று வந்து, ஆயிலும் கருகிய வாடை அடித்தால் உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவர் இதே சிக்கலோடு வந்தார். "அண்ணே, பொட்டிய இறக்கினா சீசன் காசு மொத்தமும் போயிடும்" என்றார். ஸ்கேனரில் பி0758. கியர்பாக்ஸ் கப்ளரை, அதாவது ஒயர்க்கட்டு செருகும் இணைப்பைக் கழற்றி அந்த சாலினாய்டை மல்டிமீட்டரால் அளந்தேன், 14 ஓம். அந்த வண்டிக்கு 11 முதல் 15 வரை இருக்கலாம், ஆக சாலினாய்டு நல்லது. அதே சுற்றை டிசிஎம் பக்கக் கப்ளரிலிருந்து அளந்தாலும் 14. இங்கேதான் பலரும் மீட்டரை மடித்து வைத்துவிட்டு, டிசிஎம் போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள்.

கடைப் பையனை மீட்டர் முன்னால் உட்காரவைத்து, "எண்ணு மாறினா கத்து" என்று சொல்லிவிட்டு, ஒயர்க்கட்டை விரல் விரலாக அமுக்கிக்கொண்டே போனேன். பேட்டரி தட்டுக்கு அடியில் வந்ததும் கத்தினான். மீட்டர் சுற்று அறுந்ததாகக் காட்டியது. டேப்பை உரித்தால் ஒயரின் தோல் உப்பியிருந்தது. கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்புப் பொடி. இரண்டே இழை மீதி, வண்டி குலுங்கும்போது அதுவும் விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது. கடற்காற்றும் பேட்டரி ஆசிட் கசிவும் சேர்ந்து செய்த வேலை. நான்கு அங்குலம் வெட்டி, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். முறுக்கி டேப் சுற்றினால் நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு நிற்காது.

உங்கள் வண்டியிலும் கோடு படித்த பிறகு முதலில் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆனபின் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் டிசிஎம் குழம்பித் தப்புக் கோடுகள் போடும்.

அடுத்தது எர்த். இதை ஓமில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை கியர்பாக்ஸ் உடம்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரையும் அதன் போல்ட்டையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு கப்ளர்கள். களிம்பு, மழைத்தண்ணீர், ஊறிவந்த ஆயில், இடம் விட்டுப் பின்னால் போன ஊசிமுனை (pin) என்று நான்கையும் தேடுங்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கியர் நிலை சுவிட்சின் கப்ளரைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ஊசியால் ஒயரின் தோலைக் குத்தி அளக்க யாரையும் விடாதீர்கள். அந்தத் துளை வழியாகத்தான் அடுத்த களிம்பு நுழையும்.

யு0101 வந்திருந்தால் மட்டும் இது: பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே அளங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால், கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒயரான கேன் லைனின் ஒரு முனை அறுந்திருக்கிறது.

இன்னொன்று, பதிவான கோடுகளை அழித்துவிடாதீர்கள், ஸ்கேன் எடுக்கும்முன் பேட்டரியையும் கழற்றாதீர்கள். கோளாறு வந்த நொடியில் இருந்த வேகம், சூடு போன்ற விவரங்கள் அதோடு பதிவாகியிருக்கும், அவை போய்விடும். டிசிஎம்மில் என்ன கோடு இருக்கிறது என்று தெரிந்ததும் எழுதுங்கள், எந்தக் கப்ளரில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.