ஆட்டுத் தீவனம் வெட்ட அரிவாள் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கேள்வி: 20 ஆடுகள் வைத்திருக்கிறேன். கோ-4 புல்லையும் அகத்தியையும் கையால் நறுக்கிப் போடுகிறேன். கடையில் வாங்கிய ஒன்றரை அடி அரிவாளால் ஒரு மாதமாக மணிக்கட்டு வலி. பட்டறையில் சொல்லிச் செய்யப் போகிறேன். நீளம், அகலம் எவ்வளவு சொல்லட்டும்? மூக்கு வளைந்திருக்க வேண்டுமா?

பதில்: தம்பி, முதலில் அகத்தியை ஏன் நறுக்குகிறீர்கள்? கொப்பாகவே கட்டி, ஆடு அண்ணாந்து கடிக்கிற உயரத்தில் தொங்கவிடுங்கள். காலில் மிதிபடாது, பாதி வேலையும் குறையும். நறுக்க வேண்டியது தண்டு முற்றிய புல்லை மட்டும்தான்.

அதற்கு ஒன்றரை அடி எதற்கு? ஒரு பிடி புல் நாலைந்து அங்குலம்தான் இருக்கும். வெட்டுகிற வாய் 10 அங்குலம், அகலம் இரண்டரை, முதுகு பிடிப் பக்கம் 6 மில்லிமீட்டரில் தொடங்கி நுனியில் 4, பிடியோடு 600 கிராமை ஒட்டி இருந்தால் போதும். மூக்கு வளைவு கிளையை இழுத்து வெட்டத்தான். கட்டையில் வைத்து வெட்டும்போது மூக்குதான் முதலில் இடிக்கும், புல் அறுபடாது. வாய் நேராக, நடுவில் லேசாக வயிறு தள்ளி இருக்கட்டும். வாய் பிடியைவிட இரண்டு விரல் கீழே இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் முட்டி கட்டையில் இடிபடும். பிடி உருண்டையாக வேண்டாம், முட்டை வடிவில் கருவேலமரம். உருண்டைப் பிடி கைக்குள் சுழலும், அதை இறுக்கிப் பிடித்தே பாதி வலி வரும்.

நீங்கள் கேட்காமல் விட்டது இரும்பையும் துவைச்சலையும், அதாவது காய்ச்சிய வாயைத் தோய்த்து விறைக்க வைப்பதையும். கடையில் பளபளவென்று பெயின்ட் அடித்துத் தொங்குவதில் பெரும்பாலானவை வெறும் தகடு, இரண்டு நாளில் வாய் மடங்கும். மூன்று தடவை ஏமாந்துவிட்டுத்தான் சொல்கிறேன். பழைய ஜீப் பட்டையை, அதாவது வண்டிக்கு அடியில் இருக்கும் வில் பட்டையை, நீங்களே வாங்கிக் கொடுங்கள். லாரிப் பட்டை தடிமன், அதை அடித்து மெலிசாக்க அலுத்துக்கொண்டு ஆசாரி கனமாகவே விட்டுவிடுவார். துவைச்சல் வாய்க்கு மட்டும்தான், முதுகுக்கு வேண்டாம். முதுகும் விறைத்தால் கணு தட்டி என்றாவது முறியும். முடிந்ததும் காய்ந்த கருவேலங்குச்சியில் நாலு போடு போட்டு, வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொக்கை விழுந்தால் துவைச்சல் அதிகம், மடங்கியிருந்தால் குறைவு. இரண்டுக்கும் திரும்ப உலையில் வைக்கச் சொல்லலாம், பிடி போடுவதற்கு முன்னால்.

இவ்வளவும் செய்து வாங்கியதைக் கரன்ட் சாணையில் கொடுத்துக் கெடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். பொறி பறக்க ஒரு நிமிடம் தேய்த்தால் வாய் நீலம் பாய்ந்துவிடும், துவைச்சல் அத்தோடு போச்சு. அப்புறம் வாரத்துக்கொரு முறை சாணைக்காரரைத் தேட வேண்டியதுதான், அவருக்கு வருமானம். பனையேறிகள் மரக்கட்டையில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லின் பொடி தூவித் தீட்டுவார்கள், முகம் மழிக்கும் பதம் வரும். உங்களுக்குத் தண்ணீர் தெளித்த தீட்டுக்கல்லே போதும், தினமும் பத்து இழுப்பு, இரண்டு பக்கமும்.

கட்டை புளியமரமாக இருக்கட்டும். தரையில் குந்தி வெட்டுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். நின்று வெட்டுங்கள், கட்டை இடுப்புக்கு ஒரு சாண் கீழே. அப்படி மாற்றியும் இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் கையை டாக்டரிடம் காட்டுங்கள், இன்னொரு அரிவாள் அடிக்கப் போகாதீர்கள்.